இம்பர் போகும் பேருந்து

வார்மின்ஸ்டர் ரயில் நிலையத்துக்கு வெளியே சிவப்பு மாடிப் பேருந்துகள் வரிசையாக நின்றன. ஒரு காலத்தில் லண்டன் தெருக்களில் ஓடிய ரூட்மாஸ்டர் வண்டிகள். பின்பக்கம் கதவில்லாத படி, பிடித்து ஏற ஒரு கம்பம், நடத்துநரின் கழுத்தில் தொங்கும் சீட்டு இயந்திரம். வண்டியின் நெற்றியில் 23ஏ என்ற எண். அதன் பக்கத்தில் ஊர்ப் பெயர், இம்பர்.

"மேல்மாடியில முன்சீட்டு பிடிங்க மாமா. அங்க இருந்தாத்தான் எல்லாம் தெரியும்" என்றான் அக்கா மகன். ஸ்விண்டனில் வேலை பார்க்கிறான். இந்த ஒரு நாளுக்காகவே என்னை நான்கு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை ஓடும் பேருந்து இது. 2009-இல் தொடங்கியது. அப்போது லண்டன் போக்குவரத்தின் ஆணையராக இருந்த பீட்டர் ஹெண்டியும், பேருந்து என்றால் உயிரை விடும் அவருடைய நண்பர்கள் சிலரும் சேர்ந்து, யாரும் போகாத ஓர் ஊருக்கு வண்டி விட்டுப் பார்ப்போம் என்று கிளம்பினார்கள். முறையான உரிமம் வாங்கிய பொதுப் பேருந்து சேவையாகவே அதை நடத்தினார்கள். இன்று அந்தச் சனிக்கிழமை இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. வசூல் நற்காரியங்களுக்குப் போகிறது.

இம்பரில் ஒருவரும் குடியிருக்கவில்லை. 1943 டிசம்பர் 17-ஆம் தேதிக்குள் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்றோடு அந்த ஊரின் குடித்தனம் முடிந்தது. அதற்குப் பிறகு அது ராணுவத்தின் பயிற்சித் தளம்.

வண்டி கிளம்பியது. ஊருக்குள்ளேயே ராணுவக் குடியிருப்புகளும் முள்வேலிகளும் வந்துவிடுகின்றன. வார்மின்ஸ்டர் காலாட்படையின் ஊர். கொஞ்ச தூரம் போனதும் சாலை மேட்டில் ஏற, வீடுகளெல்லாம் கீழே போய்விட்டன. முன்னால் புல். எங்கு பார்த்தாலும் புல். ஆகஸ்டு வெயிலில் காய்ந்த வைக்கோல் நிறம், நடுநடுவே ஊதாப் பூக்கள், தூரத்தில் காற்று போகும் வழி அலையலையாகத் தெரிகிறது.

இதற்குச் சாலிஸ்பரி சமவெளி என்று பெயர். நேரில் பார்த்தால் சமவெளி இல்லை. புரண்டு படுத்த உடம்பு போல ஏறி இறங்கும் நிலம். புல்லுக்கு அடியில் ஒரு சாண் மண் இருக்கலாம். அதற்குக் கீழே அத்தனையும் சீமைச் சுண்ணாம்பு. பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுவோமே, அந்த வெள்ளை. எங்கே சக்கரம் கீறினாலும், எங்கே முயல் வளை தோண்டினாலும் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, சுண்ணாம்பு உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலம் முழுக்க உறிஞ்சிய நீர் நிறைந்து ததும்பும்போது, தாழ்வான இடங்களில் ஓடைகள் பிறந்து குளிர்காலத்தில் மட்டும் ஓடும். அப்படிப்பட்ட ஓர் ஓடையின் கரையில்தான் இம்பர் இருந்தது.

இந்த நிலத்தை ராணுவம் வாங்கத் தொடங்கியது 1897-இல். துப்பாக்கிகளும் பீரங்கிகளும் சுடும் தூரம் வளர்ந்துகொண்டே போன காலம் அது. பயிற்சிக்குப் பெரிய திறந்தவெளி தேவைப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய மலிவு விலைக் கோதுமை இங்கிலாந்தின் விவசாயிகளை முறித்துப் போட்டிருந்தது. மேல்மண் மெலிந்த இந்தச் சுண்ணாம்பு நிலத்தில் அடி இன்னும் பலமாக விழுந்தது. விற்க ஆள் இருந்தார்கள், வாங்க அரசு இருந்தது. இன்று இந்தப் பயிற்சிக் களம் சுமார் 38,000 ஹெக்டேர். நம் கணக்கில் ஏறத்தாழ 94,000 ஏக்கர். வில்ட்ஷர் மாவட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கு.

முந்தின நாள் முழுக்க அதன் கிழக்குப் பகுதியைக் காரில் சுற்றியிருந்தோம். ஸ்டோன்ஹெஞ்சை எல்லோரும் பார்க்கிறார்கள். நாங்கள் சாலையிலிருந்தே பார்த்துவிட்டு பல்ஃபர்டு போனோம். அங்கே மலைச்சரிவில் புல்லைச் சீவி வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு பறவை வரைந்திருக்கிறார்கள். கிவி. 400 அடிக்கும் மேல் உயரம். முதல் உலகப் போர் முடிந்ததும் நியூசிலாந்துச் சிப்பாய்கள் இங்கே ஸ்லிங் முகாமில் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். சண்டை முடிந்து மாதங்கள் ஆகியும் கப்பல் வரவில்லை. 1919 மார்ச்சில் முகாமில் கலவரம் வெடித்தது. கைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று அதிகாரிகள் யோசித்து, மலையில் கிவி வெட்டச் சொன்னார்கள். நான் அதைக் கீழிருந்து பார்த்தபோது, உலகத்தின் மறுகோடியில் இருக்கும் தன் வீட்டை நினைத்தபடி ஒருவன் மண்வெட்டியால் அந்த நீண்ட அலகைக் கீறியிருப்பானே என்றுதான் மனம் ஓடியது. அவனாவது பிறகு ஊர் திரும்பினான்.

சமவெளியின் நடுவில் டில்ஸ்ஹெட் என்ற கிராமம் இருக்கிறது. நாலாபுறமும் ராணுவ நிலம், நடுவே மக்கள் வாழ்கிற ஊர். பொதுச்சாலையில் டாங்கிகள் குறுக்கிடும் என்ற எச்சரிக்கைப் பலகைகள். சாலையைக் கடக்கும் இடங்களில் மட்டும் தாருக்குப் பதிலாகக் கான்கிரீட். இரும்புச் சங்கிலிச் சக்கரம் தாரைப் பெயர்த்துவிடும். கொஞ்சம் தள்ளி, மேட்டின் மேல் இன்னொரு கிராமம் தெரிந்தது. கோப்ஹில் டவுன். ஓங்கிய கூரைகள், நெருக்கமான வீடுகள், தெருக்கள். அங்கும் குடியிருப்பவர் இல்லை. எந்நாளும் இருந்ததும் இல்லை. 1988-இல், பனிப்போர்க் காலத்தில், ஜெர்மனியில் சண்டை மூண்டால் எப்படித் தெருத்தெருவாகப் போரிடுவது என்று பழகுவதற்காக ஜெர்மன் கிராமத்தைப் போலவே கட்டியது. தூரத்திலிருந்து பார்க்கையில் ஏதோ ஒரு வீட்டுச் சமையலறையில் விளக்கு எரியும் என்று கண் எதிர்பார்க்கிறது. ஜன்னல்களில் கண்ணாடிகூட இல்லை.

பிற்பகலில் மக்களுக்குத் திறந்துவிட்டிருந்த ஒரு மண்பாதையில் நடந்தோம். டாங்கிகள் திரும்பிய இடங்களில் முழங்கால் ஆழத்துக்குத் தடம். கோடையில் வெடித்து உலர்ந்து கிடந்தது. எதுவும் இல்லாத இடம் போலத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காய்ந்த சேற்றுக்குள் முட்டைகள் இருக்கின்றன. தேவதை இறால் என்று அழைக்கிறார்கள். விரல்நகத்தைவிடச் சற்று நீண்ட, உடல் ஊடுருவித் தெரியும் சிற்றுயிர். மல்லாந்து நீந்தும். மீன் உள்ள குளத்தில் அதனால் பிழைக்க முடியாது. வற்றி நிறையும் சிறு குட்டைதான் வேண்டும். தண்ணீர் வற்றினால் இறால் இறந்துவிடும், முட்டை இறக்காது. ஆண்டுக்கணக்கில் உலர்ந்த மண்ணில் கிடந்து, மழைநீர் தேங்கியதும் பொரிக்கும். இங்கிலாந்தில் அரிதாகிவிட்ட இந்த உயிருக்கு இன்று பெரிய புகலிடம் இந்தச் சமவெளியின் டாங்கித் தடங்கள். சங்கிலிச் சக்கரத்தில் ஒட்டிய சேற்றோடு முட்டைகளும் பயணம் செய்து அடுத்த குழிக்குப் போய்ச் சேருகின்றன. முன்பு மாட்டு வண்டிகளும் மந்தைகளும் செய்து கொடுத்த வேலையை இப்போது டாங்கி செய்கிறது.

புல்வெளியின் கதையும் இதே மாதிரிதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தின் மேய்ச்சல் வெளிகளில் மிகப் பெரும்பகுதி உழுது, உரம் போட்டு, மருந்தடித்துப் பயிர் நிலமாக மாறியது. ராணுவம் வேலி போட்டு வைத்த இடத்தில் கலப்பை இறங்கவில்லை. குண்டு விழும் நிலத்தில் யார் உழப்போகிறார்கள்? அதனால் வடமேற்கு ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் சுண்ணாம்புப் புல்வெளிகளில் மிகப் பெரியது இங்கேதான் இருக்கிறது. பூக்கள், வண்ணத்துப்பூச்சிகள், தரையில் கூடு கட்டும் பறவைகள், கலப்பை படாததால் உருக்குலையாத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொல்லியல் சின்னங்கள்.

கானமயிலும் இங்கே திரும்பியிருக்கிறது. நம் கானமயிலின் நெருங்கிய உறவு, அதைப் போலவே கனத்த பறவை. வில்ட்ஷர் மாவட்டத்தின் சின்னத்தில் அதன் உருவம் இருக்கிறது. ஆனால் 1832-க்குப் பிறகு பிரிட்டனில் அது கூடு கட்டவில்லை, வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். 2004-இல் ரஷ்யாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தச் சமவெளியில் விட்டார்கள். 2009-இல் இங்கேயே முதல் குஞ்சுகள் பொரிந்தன. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ராஜஸ்தான்தான் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் கானமயில் அற்றுப்போய் நெடுங்காலம் ஆயிற்று. இந்தியாவில் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் பறவைகள் உயிரோடு உலவும் இடங்களில் ஒன்று பொக்ரான் துப்பாக்கிச் சூட்டுக் களம். இரண்டு நாடுகளில், ஒன்று பாலையும் ஒன்று புல்லுமான வெளிகளில், ஒரே குடும்பத்துப் பறவை பீரங்கிகளின் நிழலில் ஒதுங்கியிருக்கிறது. மனிதர்கள் நுழைய முடியாத இடம் அதற்கு வீடாகிவிட்டது.

இந்தச் செய்தியை நான் மகிழ்ச்சியோடு படித்தேன் என்பது உண்மை. இம்பருக்குப் போன பிறகு அந்த மகிழ்ச்சி அப்படியே இருக்கவில்லை என்பதும் உண்மை.

பேருந்து சோதனைச் சாவடியைத் தாண்டியது. சாலையோரம் அறிவிப்புப் பலகைகள்: சாலையை விட்டு இறங்காதீர்கள், வெடிக்காத குண்டுகள் கிடக்கின்றன. புல்வெளியில் துருப்பிடித்த டாங்கிகள் இலக்குப் பொருள்களாக நின்றன. குண்டுகள் துளைத்துத் துளைத்து இரும்பு சல்லடையாகியிருந்தது. சுடும் நாட்களில் சிவப்புக் கொடி ஏற்றியிருப்பார்கள். இன்று கொடி இல்லை. ஆண்டில் சில நாட்கள், ஈஸ்டர், ஆகஸ்டு, கிறிஸ்துமஸ் ஒட்டி, இந்தச் சாலையை மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். மேல்மாடியில் பேசிக்கொண்டு வந்தவர்கள் மெல்லப் பேச்சைக் குறைத்தார்கள். சாலை வளைந்து ஒரு பள்ளத்துக்குள் இறங்கியது. மரங்கள் வந்தன. அத்தனை தூரம் மரமே இல்லாத வெளியில் திடீரென்று மரக்கூட்டம் என்றால் அங்கே மனிதர்கள் இருந்தார்கள் என்று பொருள்.

இம்பர் பழைய ஊர். 967-ஆம் ஆண்டின் சாசனம் ஒன்றிலேயே பெயர் இருக்கிறது. 1086-இல் வில்லியம் மன்னன் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கிலும் இருக்கிறது. ஆட்டு மந்தையும் கோதுமையும்தான் பிழைப்பு. பக்கத்து ஊர் என்று சொல்ல ஏதும் இல்லை. எந்தத் திசையில் போனாலும் மைல்கணக்கில் மேட்டு நிலம். 1851-இல் 440 பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகு இறங்குமுகம். ஊர் எடுக்கப்பட்டபோது மிஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 150 பேர்.

அவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. இதைச் சொல்லாமல் இம்பரின் கதையைச் சொல்வது நியாயமாகாது. 1920-களின் கடைசியிலிருந்தே ராணுவ அமைச்சகம் இம்பரைச் சுற்றியுள்ள பண்ணைகளை வாங்கத் தொடங்கிவிட்டது. விளைபொருள் விலை வீழ்ந்து கிடந்த நேரம், அமைச்சகம் நல்ல விலை கொடுத்தது. விற்றவர்களுக்கே குறைந்த குத்தகைக்கு நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. தேவைப்பட்டால் காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தது. போர் வந்தபோது தேவாலயம், பாதிரியார் வீடு, பாப்டிஸ்ட் சபை, பள்ளிக்கூடம், பெல் என்ற சத்திரம் தவிர ஊர் முழுக்க ராணுவத்துக்குச் சொந்தம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டன் உழுத நிலத்தை அவர்கள் உழுதுகொண்டிருந்தார்கள். காகிதத்தில் யார் பெயர் இருந்தால் என்ன?

1943 நவம்பர் 1-ஆம் தேதி பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஊர் முழுவதும் வெளியேற வேண்டும் என்றார்கள். ஐரோப்பாவில் தரையிறங்கப் போகும் அமெரிக்கப் படைகள் தெருச்சண்டை பழக வேண்டும். கொடுத்த அவகாசம் ஒன்றரை மாதம். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஊர் காலியாகிவிட வேண்டும். எதிர்ப்பு என்று பெரிதாக எதுவும் எழவில்லை. ஹிட்லரோடு சண்டை நடக்கிறது, பிள்ளைகள் போர்முனையில் இருக்கிறார்கள், நாட்டுக்காக நம்முடைய பங்கு இது என்று நம்பினார்கள். போர் முடிந்ததும் திரும்பி வருவோம் என்றும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் சிலர் சமையலறை அலமாரியில் டின் உணவுகளை அப்படியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

ஊர்க் கொல்லர் ஆல்பர்ட் நாஷ் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே பட்டறை வைத்திருந்தவர். செய்தி வந்த பிறகு அவரைப் பட்டறைக்கல் மீது சாய்ந்து அழுதுகொண்டிருந்த நிலையில் கண்டதாகச் சொல்கிறார்கள். ஊரை விட்டுப் போன கொஞ்ச நாளிலேயே இறந்துபோனார். வெளியேறியவர்களில் முதல் சாவு. உடலை இம்பருக்குக் கொண்டுவந்து தேவாலய முற்றத்தில் புதைத்தார்கள். ஊர் திரும்ப அவருக்குக் கிடைத்த வழி அது ஒன்றுதான்.

பேருந்து நின்ற இடம் ஒரு காலத்தில் ஊரின் முக்கியத் தெரு. இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டவை வரிசையான செங்கல் வீடுகள். ஆனால் அவை இம்பர்க்காரர்கள் வாழ்ந்த வீடுகள் இல்லை. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சதுர ஓட்டை, மேலே தகரக் கூரை, உள்ளே வெறுமை. வட அயர்லாந்துக்குப் போகும் படைகளுக்குத் தெருப் பயிற்சி கொடுக்க 1970-களில் ராணுவம் எழுப்பிய கூடுகள். மண்சுவரும் வைக்கோல் கூரையுமாக இருந்த உண்மையான வீடுகளில் பெரும்பாலானவை குண்டு பட்டும், பராமரிப்பில்லாமலும் விழுந்து, பிறகு இடித்துத் தள்ளப்பட்டுவிட்டன. பெல் சத்திரத்தின் சுவர்கள் நிற்கின்றன. இம்பர் கோர்ட் என்ற பெரிய வீடு மேல்மாடியை இழந்து நிற்கிறது. போருக்குச் சற்று முன்பு, 1938-இல், கூலித் தொழிலாளர்களுக்காக அரசு கட்டிக் கொடுத்த வீடுகள் இரண்டு ஜோடி இருக்கின்றன. புது வீட்டில் அவர்கள் வாழ்ந்தது ஐந்து வருடம்.

எந்தக் கட்டடத்துக்குள்ளும் போகக் கூடாது. சாலையிலேயே நின்று பார்க்க வேண்டும். ஓரமாக ஓடும் பள்ளம்தான் ஊர் ஓடை. இப்போது காய்ந்து, முழங்கால் உயரம் புல். தெருவையே அந்த ஓடையோடு சேர்த்து இம்பர் டாக் என்று சொல்வார்களாம். குளிர்காலத்தில் வெள்ளம் வீட்டு வாசற்படி வரை வருமாம். கோடையில் பிள்ளைகள் இறங்கி விளையாடுவார்களாம். இவையெல்லாம் எனக்குச் சொன்னவர் பேருந்தில் எங்களுக்குப் பின்சீட்டில் வந்த மூதாட்டி. தோட்டத்துப் பூக்களை ஈரச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அவர் இம்பரில் பிறந்தவர் இல்லை. அவருடைய தாய் பிறந்தவர். ஊர் காலியானபோது தாய்க்குப் பன்னிரண்டு வயது.

"ஓடை எந்த மாதம் ஓடத் தொடங்கும், எந்த வீட்டு வாசலில் பலகை போட வேண்டும் என்று அம்மாவுக்குக் கடைசிவரை மனப்பாடம். கடைசி இரண்டு வருடம் என் பெயரை மறந்துவிட்டார். அதை மறக்கவில்லை" என்றார்.

தேவாலயம் மேட்டில் இருக்கிறது. புனித கைல்ஸ் பெயரில் அமைந்த ஆலயம். பழைய பகுதிகள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சுற்றிலும் உயரமான கம்பிவேலி. சிப்பாய்கள் நுழையாமல் இருக்க ராணுவமே போட்ட வேலி. ஊரில் முழுசாக மிஞ்சிய ஒரே கட்டடம் அதனால்தான் மிஞ்சியது. இப்போது கைவிடப்பட்ட தேவாலயங்களைக் காக்கும் அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே நாற்காலி மேசைகள் அதிகமில்லை. பழைய இருக்கைகளை வேறு ஆலயங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாவீரர்களின் கற்சிலைகள் மலைக்கு அந்தப் பக்கம் எடிங்டன் ஆலயத்துக்குப் போய்விட்டன. கல்லாலான மனிதர்களும் இடம்பெயர்ந்தார்கள்.

கோபுரத்தின் அடியில், வெள்ளைப் பூச்சுச் சுவரில், எழுத்தும் எண்ணுமாக ஏதோ வரைந்திருந்தது. அருகில் போய்ப் பார்த்தேன். மணியடிக்கும் முறை. எந்த மணிக்குப் பின் எந்த மணி, எந்தச் சுற்றில் எப்படி மாற்றி அடிப்பது என்று மணியடிப்பவர்கள் பார்த்து அடிப்பதற்காக 1692-இல் சுவரிலேயே எழுதி வைத்தது. நான் அந்தச் சுவரின் முன் வெகுநேரம் நின்றுவிட்டேன். எத்தனையோ அரண்மனைச் சுவரோவியங்களைப் பார்த்திருக்கிறேன். இது வேலைக்காரர்களின் கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து சுவரைப் பார்க்கும் ஐந்தாறு பேரின் முகங்கள் அந்த எழுத்தில் இருக்கின்றன. இனி யாருக்கும் வேண்டாத குறிப்பு அது. ஆனாலும் ஒரு கிராமம் தன் கையால் எழுதிய எழுத்து.

வெளியே முற்றத்தில் மூதாட்டி ஒரு கல்லறையின் முன் குனிந்து பூக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா. என் அக்கா மகன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். "நன்றி மகனே" என்று வாங்கிப் பூக்களின் மேல் தெளித்தார். "அம்மாவையும் இங்கே வைத்திருக்கலாம். ஆனால் நான் வந்து பார்க்க வேண்டுமென்றால் ராணுவத்தின் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். அதனால் வார்மின்ஸ்டரிலேயே வைத்துக்கொண்டேன்."

போர் முடிந்தது 1945-இல். மக்கள் கேட்டார்கள். பயிற்சிக்கு நிலம் இன்னும் தேவை என்று பதில் வந்தது. திருப்பித் தருவோம் என்று வாய்வழி உறுதி கொடுத்ததாக ஊர்க்காரர்கள் கடைசிவரை சொன்னார்கள். கையில் காட்ட எழுத்து எதுவும் இல்லை. 1961 ஜனவரி 22-ஆம் தேதி ஆஸ்டின் அண்டர்வுட் என்ற உள்ளூர்க் கவுன்சிலர் முன்நிற்க, சுமார் 2,000 பேர் கார்களிலும் வண்டிகளிலும் நடந்துமாகத் தடையை மீறி இம்பருக்குள் வந்தார்கள். குளிர்காலச் சேற்றில் நின்று கூட்டம் நடத்தினார்கள். அரசு விசாரணை வைத்தது. முடிவு, ராணுவம் இருக்கும். தேவாலயத்தைக் காப்பாற்றி, ஆண்டுக்கு ஒருமுறை வழிபாட்டுக்குத் திறப்பார்கள். இன்றும் செப்டம்பர் முதல் தேதியை ஒட்டிய சனிக்கிழமை அந்த வழிபாடு நடக்கிறது.

1943-இல் அந்த நிலத்தைக் கேட்டது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. நார்மண்டிக் கரையில் இறங்கியவர்கள் எங்காவது பழகித்தான் ஆக வேண்டும். பழகாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும், பழகும்போதே என்ன ஆகலாம் என்பதற்கும் இதே சமவெளி சாட்சி. 1942 ஏப்ரல் 13-ஆம் தேதி இம்பர் அருகே விமானத் தாக்குதல் ஒத்திகை ஒன்று நடந்தது. பார்வையாளர்களாக நின்ற ராணுவத்தினரைப் பொம்மை இலக்கு என்று நினைத்து ஹரிக்கேன் விமானி ஒருவர் சுட்டுவிட்டார். 25 பேர் இறந்தார்கள், 71 பேர் காயமடைந்தார்கள். எதிரி ஒருவன்கூட இல்லாத இடத்தில்.

போர்க்காலத் தேவை வேறு. 1945-க்குப் பிறகு நடந்தது வேறு. எழுத்தில் இல்லை என்ற ஒரு காரணத்துக்காக, நாட்டை நம்பிக் கதவைச் சாத்திவிட்டுப் போன நூற்றைம்பது பேரின் வீட்டைத் திருப்பித் தராமல் இருந்தது அநீதி என்றே நான் நினைக்கிறேன். குத்தகைக்காரர்கள்தானே என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வாடகை வீட்டிலும் பிள்ளை பிறக்கிறது, சாவு விழுகிறது, ஓடை வரும் மாதம் மனப்பாடமாகிறது. பூக்களும் பறவைகளும் பிழைத்தன என்பது பெரிய விஷயம். நேற்று அந்த உலர்ந்த தடத்தின் அருகே குந்தியிருந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் இம்பர் போனதற்குப் பதிலாகக் கானமயில் வந்தது என்று யாராவது கணக்கை நேர் செய்தால், அந்தக் கணக்கில் என் கையெழுத்து இருக்காது.

பிற்பகலில் இன்னொரு பேருந்தில் ஏறி கோர் கிராஸ் வரை போய்த் திரும்பினோம். அங்கே சாலையோரம் ஒரு கல் இருக்கிறது. 1839 அக்டோபரில் சந்தை முடிந்து வீடு திரும்பிய இம்பர் விவசாயி ஒருவரை நான்கு வழிப்பறிக்காரர்கள் மடக்கினார்கள். அவர் ஆட்களைத் திரட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் துரத்த, கள்ளர்களில் ஒருவன் ஓடிய இடத்திலேயே விழுந்து செத்தான். மற்ற மூவரும் நாடு கடத்தப்பட்டார்கள். வழிப்பறி செய்பவர்களுக்கு எச்சரிக்கையாக ஊரார் பணம் போட்டு நட்ட கல். இம்பர் என்ற பெயர் அதில் வெட்டியிருக்கிறது. மூதாட்டியிடம் வந்து சொன்னபோது சிரித்தார். "அந்தத் துரத்தலை அம்மா தானே கூட ஓடியது போலச் சொல்வார்" என்றார்.

ஆலயத்தில் தேநீரும் கேக்கும் விற்றுக்கொண்டிருந்தவர்கள் மேசையைத் துடைக்கத் தொடங்கினார்கள். தெருவில் இருந்த கூட்டம் மெல்ல மெல்லப் பேருந்துகளுக்குள் போனது. காலையிலிருந்து பிள்ளைகளின் சத்தம், நாய்க் குரைப்பு, யாரோ யாரையோ பெயர் சொல்லி அழைக்கும் குரல் என்று ஓர் ஊரின் ஒலிகள் எல்லாம் இருந்தன. இப்போது ஒவ்வொன்றாக அடங்கின.

கடைசி வண்டி நின்றது. நடத்துநர் படியில் ஏறவில்லை. தெருவின் அந்தக் கோடி வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தேவாலயப் பாதையில் கொஞ்ச தூரம் ஏறி, "யாராவது இருக்கிறீர்களா?" என்று குரல் கொடுத்தார். ஊரில் ஒருவர்கூட இரவு தங்கிவிடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. மூதாட்டி அந்தப் பாதையிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். கையில் பூச் சுற்றிய ஈரச் செய்தித்தாள் மட்டும் மடித்து இருந்தது. அக்கா மகன் இறங்கிப் போய்க் கை கொடுத்தான். அவர் படியேறி, உட்காராமல், பின்பக்கக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்தபடி நின்றார். நடத்துநர் அவரை உட்காரச் சொல்லவில்லை. மணியை இரண்டு முறை அடித்தார்.